விலை உயர்ந்த கால்பந்து: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகக் கோப்பை நெருங்கும் ஒவ்வொரு முறையும், விளையாட்டுப் பொருள் கடைகளின் அலமாரியில் ஒரே நிறமும் ஒரே கோலமும் கொண்ட நான்கைந்து கால்பந்துகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்றின் விலை ஆயிரத்துச் சொச்சமாக இருக்கும். அதன் அருகிலேயே இருப்பது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். பார்வைக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கூடுதலாகக் கொடுக்கும் அந்தப் பணம் எதற்காகப் போகிறது என்பதை அறியாமல் வாங்குவதால்தான், தவறான பந்துக்கு அதிக விலை கொடுப்பதும், சரியான பந்தைத் தவறான மைதானத்தில் போட்டுப் பாழாக்குவதும் நடக்கின்றன. உயர்ந்த விலை வாங்கித் தருவது முதன்மையாக ஒன்றைத்தான்: எந்தப் பக்கத்தில் உதைத்தாலும், எத்தனை முறை உதைத்தாலும், மழையிலும் வெயிலிலும் பந்து ஒரே மாதிரி நடந்துகொள்ளும் தன்மை. அந்தத் தன்மை உங்கள் ஆட்டத்துக்குத் தேவைப்படுகிறதா என்பதே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.

கோலத்தைப் பார்த்து வாங்குவது

கத்தாரில் 2022-இல் பயன்படுத்தப்பட்ட 'அல் ரிஹ்லா' பந்தை எடுத்துக்கொள்வோம். ஆட்டக்களத்தில் உருண்ட பந்து, 20 துண்டுகளை வெப்பத்தால் ஒட்டி உருவாக்கியது. நடுவே வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் உணரி ஒன்று தொங்கவிடப்பட்டிருந்தது. அதே பெயரில் கடைகளில் விற்ற உச்ச விலைப் பந்தில் துண்டுகளும் ஒட்டும் முறையும் இருந்தன, உணரி இல்லை. அதற்குக் கீழே பல படிகளில் விற்கப்பட்டவற்றில் மேலுறை, உள்ளடுக்கு, இணைக்கும் முறை ஆகியவை படிக்குப் படி மாறின. கடைசிப் படியில் இருந்தது இயந்திரத்தால் தைத்த சாதாரணப் பந்து, அதன் மேல் உலகக் கோப்பையின் கோலம் அச்சிடப்பட்டிருந்தது. அது மோசமான பந்து என்று சொல்ல முடியாது. ஆனால் அச்சுக்காகவும் பெயருக்காகவும் ஒரு தொகையைச் சேர்த்தே அதன் விலை வைக்கப்படுகிறது. அதே தரத்தில் கோலமில்லாத பந்து கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் கோலத்துக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. பயிற்சிக்கு என்றால் அது வீண்.

இதன் நீட்சியாகவே, புதிதாக வந்த பந்துதான் சிறந்த பந்து என்ற நம்பிக்கையும் நிலவுகிறது. தென்னாப்பிரிக்காவில் 2010-இல் பயன்படுத்தப்பட்ட 'ஜபுலானி' 8 துண்டுகளால் ஆனது. அதுவரை வந்த பந்துகளிலேயே மிகச் சீரான உருண்டை என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அந்தத் தொடர் முழுவதும் கோல்காப்பாளர்கள் அதைக் குறை கூறினர். பந்தின் மேற்பரப்பு மிகவும் வழவழப்பாக இருந்தால், சுழற்சியின்றி உதைக்கப்படும்போது அதன்மீது காற்றோட்டம் ஒழுங்காகப் படியாமல், பறக்கும் வழியில் பந்து திடீரென அலைபாயும். ஜபுலானியில் இந்த அலைபாய்ச்சல், ஃப்ரீ கிக் வழக்கமாகப் பறக்கும் வேகத்திலேயே ஏற்பட்டதென நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் செய்த சோதனைகள் காட்டின. 2014-இன் 'பிராசூகா' வெறும் 6 துண்டுகளால் ஆனதென்றாலும், அதன் இணைப்புக் கோடுகளின் மொத்த நீளம் ஜபுலானியினுடையதைவிடப் பாதிக்கு மேல் அதிகம். கோடுகளின் ஆழமும் கூடுதல். புகார்களும் பெருமளவில் அடங்கின. எனவே 'துண்டுகள் குறைவு, ஆகவே தரம் அதிகம்' என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

விலை அதிகம் என்பதால் நெடுநாள் உழைக்கும் என எண்ணுவது

எல்லாத் தவறுகளிலும் அதிகப் பணத்தை விழுங்குவது இதுதான். பந்தின் மேலுறை பொதுவாக மூன்று வகைப்படும்: ரப்பர், பி.வி.சி., பாலியூரித்தேன் எனப்படும் பி.யூ. மலிவான பந்துகளில் ரப்பரும் பி.வி.சி.யும் இருக்கும்; உச்ச விலைப் பந்தில் மெல்லிய பி.யூ. உறையும் அதன் கீழ் மென்மையான நுரை அடுக்கும் இருக்கும். காலில் படும்போது கிடைக்கும் அந்த மெத்தென்ற தொடுகையும், பந்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும் எளிமையும் இந்த இரண்டும் சேர்ந்து தருபவை. ஆனால் இதே மென்மைதான் சரளைக்கல்லின் முன் அதன் பலவீனமாகிறது.

நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் பெரும்பாலானவை செம்மண்ணும் சரளையும் கலந்தவை. புல் என்பது ஓரங்களில் மட்டும் இருக்கும். மொட்டை மாடி, சிமெண்ட் தளம், தார்ச்சாலை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தகைய தரையில் உயர்விலைப் பந்தைப் போட்டு ஆடினால், சில வாரங்களிலேயே மேலுறையின் பளபளப்பு உரிந்து, மெல்லிய கீறல்கள் தோன்றி, அவற்றின் வழியே ஈரம் உள்ளே இறங்கத் தொடங்கும். பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய சீர்மை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதே தரையில், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் வழக்கமாக வாங்கும் ரப்பர் மோல்டிங் பந்து, ஐந்நூறு ரூபாய் அளவில் கிடைப்பது, ஒரு பருவம் முழுவதும் தாக்குப்பிடிக்கும். அது கனமாகத் தோன்றும், காலில் சற்று வலிக்கும், அளவுக்கு மீறித் துள்ளும். இவை அனைத்தும் உண்மையே. இருந்தும் சரளைத் தரைக்கு அதுவே பொருத்தமான பந்து என்பதில் எனக்கு ஐயமில்லை.

பழுது பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. கையால் தைத்த பந்தில் தையல் விட்டுப்போனால், பழக்கப்பட்ட செருப்புத் தைப்பவர் ஒருவர் சிறு தொகைக்கு அதை மறுபடியும் தைத்துக் கொடுத்துவிடுவார். உள்ளே காற்றை அடக்கி வைக்கும் பையான பிளாடரை மாற்றிப் பந்தை மீட்பதும் வழக்கத்தில் உண்டு. வெப்பத்தால் ஒட்டிய பந்தில் ஒரு துண்டின் விளிம்பு கிளம்பிவிட்டால், அதற்குத் தெருவில் வைத்தியம் இல்லை. சாதாரணப் பசையைத் தடவினால் அந்த இடம் கெட்டியாகி, உதைக்கும்போது பந்து ஒரு பக்கமாக இழுக்கும். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் இத்தகைய பந்தை விட்டுவைப்பது, இந்தப் பிரிவை விரைவுபடுத்தும் நிச்சயமான வழி.

நகரங்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புல் டர்ஃப்களில் ஆடுவோருக்குக் கணக்கு மாறும். அங்கே தரை மென்மையானது. நடுத்தர விலையில், அதாவது இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் ரூபாய் வரையில் கிடைக்கும் பி.யூ. உறைப் பந்து தன் தரத்தை நன்கு காட்டும், நெடுநாள் வரவும் செய்யும். என் கணிப்பில், வார இறுதியில் ஆடுவோரில் பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டிய தேவையே இல்லை.

முத்திரையைப் படிக்காமல் விடுவது

ஃபிஃபா தன் தர முத்திரைத் திட்டத்தை 1990-களின் நடுவில் தொடங்கியது. இன்று பந்தின் மேல் 'ஃபிஃபா குவாலிட்டி ப்ரோ', 'ஃபிஃபா குவாலிட்டி', 'ஃபிஃபா பேசிக்' என மூன்று வகை முத்திரைகளைக் காணலாம். இவை ஒன்றுக்கொன்று இணையானவை என நினைத்து வாங்குவோர் பலர். ஆட்ட விதிகளின்படி, பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. வரையும், எடை 410 முதல் 450 கிராம் வரையும் இருக்கலாம். குவாலிட்டி ப்ரோ முத்திரைக்கு இந்த எல்லை இன்னும் இறுகுகிறது: சுற்றளவு 68.5 முதல் 69.5 செ.மீ., எடை 420 முதல் 445 கிராம். இவற்றோடு நீர் உறிஞ்சும் அளவு, காற்று இழப்பு, துள்ளல், உருண்டைத்தன்மை ஆகியவையும் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுகின்றன. குவாலிட்டி ப்ரோ முத்திரைக்கு மட்டும் உரிய கடினமான சோதனை ஒன்று உண்டு: பந்தை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எஃகுத் தகட்டின் மீது 2,000 முறை மோதவிட்டு, அதன் பிறகும் வடிவமும் அளவும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். மற்ற இரண்டு முத்திரைகளுக்கும் இந்தச் சோதனை கிடையாது. இருந்தாலும், நடுப்படியில் உள்ள குவாலிட்டி முத்திரை பெற்ற பந்துகள் விலைக்கேற்ற மதிப்பைத் தருகின்றன என்றே நான் கருதுகிறேன்.

முத்திரையையும் போலியாக அச்சிடுவோர் இருக்கிறார்கள் என்பதால், கையில் வாங்கிய பின் வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது. பந்தில் குறிப்பிட்டுள்ள அழுத்தத்துக்குக் காற்றடித்து, தையல்காரர் பயன்படுத்தும் நாடாவால் மூன்று வெவ்வேறு திசைகளில் சுற்றளவை அளந்து பார்த்தால், மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு செ.மீ. வேறுபாடு வந்தாலே அது உருண்டையாக இல்லை என்று பொருள். சமையலறைத் தராசில் வைத்தால் எடை தெரிந்துவிடும். தலைக்கு மேலே சுழற்றித் தூக்கிப் போட்டுப் பாருங்கள். கோலம் தள்ளாடாமல் சீராகச் சுழன்றால் எடை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்கிறது என்று கொள்ளலாம்.

மலிவின் மறுபக்கம்

இதுவரை சொன்னதை வைத்து, கிடைப்பதிலேயே மலிவானதை வாங்குவதே புத்திசாலித்தனம் என்ற முடிவுக்கு வருவதும் தவறு. மிக மலிவான பி.வி.சி. பந்துகள் ஒரு மழைக்குப் பிறகு கல்லாகக் கனத்து, தையல் வழியே நீரை உள்வாங்கி, முட்டை வடிவத்துக்கு மாறிவிடும். கோணலான பந்தில் பழகும் சிறுவன், பந்து தன் காலைவிட்டு விலகுவது தன் பிழையா பந்தின் பிழையா என்று அறிய முடியாமல் தவிப்பான். தலையால் முட்டப் பழகும் வயதினருக்கு நீர் குடித்துக் கனத்த பந்தைக் கொடுக்கவே கூடாது.

எண்ணைக் கவனிக்காமல் வாங்குவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பொதுவாக எட்டு வயதுக்குட்பட்டோருக்கு 3-ஆம் எண், எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை 4-ஆம் எண், அதற்கு மேல் 5-ஆம் எண். ஏழு வயதுப் பிள்ளைக்கு விலை உயர்ந்த 5-ஆம் எண் பந்தை வாங்கிக் கொடுப்பதைவிட, சாதாரண 3-ஆம் எண் பந்து அதிகம் பயன்படும். ஃபுட்சால் பந்து வேறு. துள்ளல் குறைத்துச் செய்யப்பட்ட அது உள்ளரங்கின் கடினத் தரைக்கு உரியது.

காற்றை அலட்சியம் செய்வது

விலை உயர்ந்த பந்து இரண்டே நாளில் இளகிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோர் உண்டு. உள்ளே இருக்கும் பிளாடர் பியூட்டைல் ரப்பரால் ஆனதென்றால் காற்று வாரக்கணக்கில் நிற்கும். லேடெக்ஸ் பிளாடர் மென்மையான தொடுகையைத் தரும். ஆனால் அதன் இயல்பிலேயே காற்று மெல்லக் கசியும், ஆடும் ஒவ்வொரு முறையும் காற்றடித்துக்கொள்ள வேண்டும். குவாலிட்டி ப்ரோ சோதனையிலேயே 72 மணி நேரத்தில் 20 விழுக்காடு வரை அழுத்தம் குறைய அனுமதி உண்டு. இந்த இளகலைக் குறை என்று எண்ணிப் பந்தை மாற்றக் கேட்பதற்கு முன், பிளாடர் எந்த வகை என்று பெட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதிப்படி பந்தின் அழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம், கார் டயருக்கு ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ. அடிக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் வண்டிக்குக் காற்றடிக்கும் குழாயைப் பந்தில் செருகினால் சில நொடிகளில் தையல் தெறிப்பதற்குக் காரணம் இதுவே. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முடிவுசெய்யும் பழக்கத்தை விட்டு, அளவி பொருத்திய சிறு கைப்பம்பு ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடுங்கள். ஆயிரம் ரூபாய்ப் பந்துக்குச் சரியான அழுத்தம் இருந்தால், காற்று தவறாக அடிக்கப்பட்ட பத்தாயிரம் ரூபாய்ப் பந்தைவிட அது நன்றாகவே ஓடும். ஊசியைச் செருகும் முன் ஒரு சொட்டு கிளிசரின் தடவ வேண்டும். உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும், வால்வு போனால் பந்தே போனதுதான்.

குழுவுக்கு வாங்கும்போது

பன்னிரண்டாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு ஒரே ஒரு உச்ச விலைப் பந்தை வாங்கும் ஊர்க் குழுக்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். பதினாறு பேர் பயிற்சிக்கு வரும் குழுவில் ஒரே பந்து இருந்தால், ஒருவர் ஆட மற்றவர்கள் நிற்பார்கள். அதே தொகைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பந்துகள் எட்டு வாங்கினால் இருவருக்கு ஒன்று கிடைக்கும், தொடுகைகளின் எண்ணிக்கை பல மடங்காகும். போட்டி நடத்தும் சங்கம் குறிப்பிட்ட முத்திரையைக் கட்டாயமாக்கியிருந்தால் மட்டும், அந்த முத்திரையுள்ள பந்து ஒன்றைத் தனியே வாங்கி, போட்டிக்கு முந்தைய சில பயிற்சிகளிலும் போட்டி நாளிலும் பயன்படுத்தலாம். புதுப் பந்தின் துள்ளலுக்கும் கனத்துக்கும் கால் பழகாமல் நேரே போட்டியில் இறங்குவது இன்னொரு வீண் இடர்.

உச்ச விலைப் பந்து வேண்டும் என்றே முடிவுசெய்துவிட்டால், உலகக் கோப்பையோ பெரிய லீக் பருவமோ முடியும் வரை பொறுத்திருங்கள். அடுத்த கோலம் வந்தவுடன் பழைய கோலத்தின் விலை இறங்கும். துண்டுகளும் உறையும் முத்திரையும் அப்படியேதான் இருக்கும். ஆனால் நெடுங்காலம் காற்றில்லாமல் அலமாரியில் மடங்கிக் கிடந்த பந்தில் மடிப்புத் தழும்பு விழுந்திருக்கலாம். ஆகவே கடையிலேயே காற்றடிக்கச் சொல்லி, வால்வின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்து, ரசீதை வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள்.