வடாமும் மைக்ரோவேவும்: கதிர்வீச்சைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, மைக்ரோவேவ் ஓவன் ஓட ஆரம்பித்ததும் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுவார். அதே அக்கா பங்குனி மாதம் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு, உச்சி வெயிலில் வெறுந்தலையோடு காக்கா விரட்டிக்கொண்டிருப்பார். கேட்டால், “வேலூர் வெயிலா இது? காத்து ஜில்லுன்னு வருதே” என்பார். எனக்குக் கவலை அந்த வெயிலைப் பற்றித்தான்.

கதிர்வீச்சு என்றாலே அணுவுலையை நினைப்பது முதல் தவறு. ரேடியோ அலை, மைக்ரோவேவ், கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ்ரே, காமா எல்லாம் மின்காந்த அலை என்ற ஒரே குடும்பம். வெற்றிடத்தில் எல்லாமே நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பிரித்துப் பார்க்க வேண்டியது அதிர்வெண்ணை, அதாவது அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை. அது கூடக் கூட, அலை சுமக்கும் ஆற்றல் பொட்டலமான ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் கூடும். ஓவன் அலையின் ஃபோட்டானைவிட, பச்சை ஒளியின் ஃபோட்டானுக்கு 2 லட்சம் மடங்குக்கு மேல் ஆற்றல். அதனால் மைக்ரோவேவ் பாலைச் சூடாக்க மட்டும்தான் செய்யும். பாலின் அணுக்களை உடைக்காது, அதில் கதிரியக்கமும் ஏறாது.

ஓவன் கதவின் கண்ணாடிக்குள் பொடிப்பொடி ஓட்டைகளோடு ஒரு தகடு இருக்கும், கிட்டே போய்ப் பாருங்கள். உள்ளே சுற்றும் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அந்த ஓட்டைகள் வழியே அதனால் வெளியே வர முடியாது. ஒளியின் அலைநீளமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் உள்ளே பால் பொங்குவது தெரிகிறது. ஆனால் கதவு கோணிப்போன ஓவனை ஓட்டாதீர்கள். கசியும் அலை உடம்பையும் சூடாக்கும்.

ரேடியோவில் ஒலி அலையே பறந்து வருகிறது என்று நினைப்பவர்களும் உண்டு. வருவது மின்காந்த அலை. ஒலி பிறப்பது வீட்டு ஸ்பீக்கரில்.

சரி, வெயிலுக்கு வருவோம். சுடவில்லை என்றால் ஆபத்தில்லை என்பதுதான் பெரிய தவறு. வெயிலோடு வரும் புற ஊதாவைத் தோல் உணராது. ஆனால் தோல் செல்லின் டி.என்.ஏ.வையே சிதைக்கும் அளவுக்கு அதன் ஃபோட்டானுக்கு ஆற்றல் உண்டு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். உயரம் ஏற ஏறப் புற ஊதா கூடும். குளிர்ந்த காற்று அதைக் குறைக்காது, மெல்லிய மேகமும் பெரிதாகத் தடுக்காது.

அக்கா, காக்காவுக்காக வடாம் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறீர்களே கறுப்புக் குடை, அதன் கீழே நீங்களும் உட்காருங்கள்.