அஞ்சு வரி, பத்து நிமிஷ நடை: குதிரை காலண்டரை வைத்துப் பழக்கம் வளர்ப்பது எப்படி?

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊரின் பெயர் 2007-இலேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ஆனால் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெரியவர்களைக் கேளுங்கள், இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். வாய்க்குப் பழகியதை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

போன வருடம் ஜனவரி ஒன்றாம் தேதி நான் ஐந்து சபதம் எடுத்தேன். காலை ஐந்து மணிக்கு எழுவது, ஒரு மணி நேரம் நடப்பது, தினம் ஒரு கதை எழுதுவது, சீனியை விடுவது, ராத்திரி போனைத் தொடாமல் இருப்பது. தைப்பூசத்துக்குள் ஐந்தும் காணாமல் போயின. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பாலெடுத்த என் அம்மா சிரித்தார். "ஒரே நாள்ல ஆழமா சீவுனா பால் கூடவா வரும்? மரத்துக்குத்தான் காயம்." அவர் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டு. பட்டையை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை சீவலாம். அதற்கு மேல் போனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்க வேண்டும். காயம்பட்ட இடத்தில் மரம் முண்டு கட்டிக்கொள்ளும், பிறகு அங்கே கத்தி ஓடாது.

இந்தத் தடவை அம்மா சொன்ன கணக்கிலேயே ஆரம்பித்தேன்.

முதல் படி: இரண்டே இரண்டு

கைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று. எனக்கு எழுத்தும் நடையும். உங்களுக்கு அது கோலமாக, உறுமியாக, படம் வரைவதாக இருக்கலாம். அளவு மட்டும் சிரிப்பு வரும்படி சின்னதாக இருக்கட்டும். நான் வைத்தது ஐந்து வரி, பத்து நிமிஷ நடை.

இரண்டாம் படி: ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்

பெரும்பாலும் கோட்டை விடுகிற இடம் இதுதான். "நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்" என்றால் அந்த நேரம் வராது. "ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் எழுதுவேன்" என்று வைத்துக்கொண்டால் தட்டே ஞாபகப்படுத்தும். நடைக்கு நான் காலையை எடுக்கவில்லை. இங்கே ஏழு மணி வரை இருட்டு, போதாததற்குத் தோட்டத்து நாய்கள் வேறு. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றாமல் அப்படியே பாடாங்குக்கு, அதாவது ஊர்த் திடலுக்குப் போய்விடுவேன். உட்கார்ந்தால் போச்சு.

தடை வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சாயங்காலம் மழை பிடித்தால் நான் பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபத்தின் கூரைக்குக் கீழே நடப்பேன். அங்கே கல்யாணம் நடந்தால், நடை இல்லை, சாப்பாடுதான்.

மூன்றாம் படி: 555 புத்தகம்

மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்னப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். அழகான டைரி வேண்டாம், அதில் அழகாக எழுதத் தோன்றும், பிறகு எழுதவே தோன்றாது. இதில் அன்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். என் புத்தகத்தில் ஒரு நாள்:

"செம்பனை லாரி வளைவில் திரும்பியது. ஒரு குலை விழுந்து உதிரிப்பழம் ரோடு முழுக்க உருண்டது. நாய் ஒன்று மோந்து பார்த்துவிட்டுப் போனது. பின்னால் வந்த மோட்டார்க்காரர் இறங்கிப் பொறுக்கினார். எனக்கு நேரமாகிவிட்டது."

கதை இல்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் வரிகளையும் படித்தால் ஏதாவது ஒன்று கையைப் பிடித்து இழுக்கும். அதை மட்டும் ஒரு பக்கமாக நீட்டிப் பாருங்கள்.

நான்காம் படி: காலண்டரில் குறி

சீனர் கடையில் கொடுக்கும், பந்தய நாளில் குதிரைப் படம் போட்ட குதிரை காலண்டர் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். பெரிய கட்டம், தூரத்திலிருந்தும் தெரியும். எழுதினால் 'எ', நடந்தால் 'ந'. செய்யாத நாளுக்குக் காரணத்தை ஒரு சொல்லில் போடுங்கள். என்னுடையதில் 'மழை', 'ஓவர்டைம்', 'சோம்பல்' மூன்றும் உண்டு.

ஒரு கட்டம் காலியானால் பயப்படாதீர்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்களே, அதை நம்ப வேண்டாம். லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பழக்கம் தானாக ஓடுவதற்குச் சராசரியாக 66 நாள் என்றார்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வந்தது, 12 வாரத்தைத் தாண்டியதெல்லாம் போக்கை வைத்துக் கணித்தது. நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்கும் பெரிய பாதிப்பில்லை.

ஐந்தாம் படி: மெதுவாகக் கூட்டுங்கள், மெதுவாகக் குறையுங்கள்

பத்து நிமிஷம் அலுக்காமல் ஓடத் தொடங்கியதும் ஐந்து ஐந்தாகக் கூட்டலாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடத்தை எட்ட ஒரு நாளைக்கு இருபத்திரண்டு நிமிஷம் போதும். வேகமாக நடக்க வேண்டும், கதை பேசிக்கொண்டு அல்ல.

சீனிக்கும் இதே வழிதான். முதல் மாதம் டின்பால் போட்டு ஆற்றும் டீயான தே தாரிக் 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக), அடுத்த மாதம் சீனியில்லாத டின்பால் டீயான தே சி 'கோசோங்' (சீனியே இல்லாமல்). ஒரே நாளில் கோசோங்குக்குத் தாவினால் மூன்றாம் நாள் இனிப்பு டின்பாலைக் கரண்டியோடு நக்குவீர்கள், நான் நக்கினேன். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டையோ நடையையோ மாற்றும் முன் அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான்.

கடைசிப் படி

அடுத்த வருடக் காலண்டருக்கு நவம்பரிலேயே கடையில் சொல்லி வையுங்கள். டிசம்பர் கடைசியில் போனால் பூனைப்படம் போட்ட குட்டிக் காலண்டர்தான் மிஞ்சியிருக்கும். அதன் கட்டத்தில் 'எ' கூட நுழையாது.