பிறவியிலேயே எச்ஐவி: வளர்சிதை மாற்ற நலனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிசோதனை அறிக்கையில் ‘வைரஸ் கண்டறியப்படவில்லை’ என்ற வரியைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நியாயமான நிம்மதிதான். தாயிடமிருந்து எச்ஐவி தொற்றோடு பிறந்த பிள்ளை இன்று இருபது வயதைத் தாண்டிப் படிப்பு, வேலை என்று ஓடுவது வைரஸை அடக்கிவைக்கும் ஏஆர்டி கூட்டு மருந்துகளால்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். வைரஸ் அடங்கிய உடம்பிலும் வளர்சிதை மாற்றம், அதாவது உணவை உடல் பயன்படுத்தும் விதம், கெட்டு ரத்தக் கொழுப்பும் சர்க்கரையும் இடுப்புச் சுற்றளவும் எந்த அறிகுறியும் காட்டாமல் ஏறலாம்.

“இந்த வயதில் கொழுப்புப் பரிசோதனை எதற்கு?” என்று கேட்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். நாற்பது வயதில் தொற்று வந்தவரின் உடம்பு முழுதாக வளர்ந்து முடிந்த உடம்பு. பிறவியிலேயே தொற்றோடு வந்த இவர்களுடையதோ, எலும்பும் தசையும் உருவாகும் காலம் முழுவதும் வைரஸையும் மருந்தையும் சேர்த்துச் சுமந்த உடம்பு. வைரஸ் கிளப்பிவிடும் அழற்சி, மருந்து எடுத்த பிறகும் முழுவதுமாகத் தணிவதில்லை. ஆகவே வயதை மட்டும் பார்த்து, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

சிறு வயதில் என்ன மருந்து சாப்பிட்டார்கள் என்ற விவரம் தொலைந்துபோவது இன்னொரு பெரிய இழப்பு. ஸ்டாவுடின் என்ற மருந்து ஒரு காலத்தில் ஏராளமான குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பக்கவிளைவுகளைக் கண்டு, படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அறிவுறுத்தியது. அதைச் சாப்பிட்ட பலருக்குக் கன்னம் ஒட்டிப்போய், கை கால்கள் மெலிந்து, தோலுக்கடியில் ரத்த நாளங்கள் புடைத்துத் தெரியும். வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கும். இது சரியாகச் சாப்பிடாததால் வந்தது அல்ல. மருந்தை மாற்றிய பிறகும் கரைந்த கொழுப்பு மெதுவாகவே திரும்பும், அதுவும் பலருக்கு அரைகுறையாக. பதின்ம வயதில் முகத்தைப் பற்றி ஒருவர் சொல்லும் கேலி எவ்வளவு ஆழமாகத் தைக்கும்! “ஒழுங்காகச் சாப்பிடு” என்று அதட்டும் பெரியவர்கள் இதைத் தயவுசெய்து புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வேதனையில்தான் சிலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இது. 2006-இல் வெளியான ‘ஸ்மார்ட்’ ஆய்வில், சிகிச்சையை இடையிடையே நிறுத்தியவர்களுக்கு இறப்பு மட்டுமல்ல, இதயம், சிறுநீரகம், கல்லீரல் பாதிப்புகளும் கூடுதலாக இருந்தன. பெரும்பாலும் வயதுவந்தவர்களிடம் நடந்த ஆய்வு என்றாலும் பாடம் எல்லோருக்கும் பொருந்தும்: இதயத்தைக் காப்பாற்ற நினைத்து மருந்தை விட்டால் இதயத்துக்கே கேடு.

டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுக்கும் சிலருக்கு எடை கூடுகிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். மருந்தை மாற்றினால் எடை இறங்கிவிடும் என்ற உத்தரவாதமும் இல்லை. எடை இயந்திரத்தை மட்டும் நம்பாமல் இடுப்பை அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய நேரம்.

சர்க்கரையைக் கண்டறிய, சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ ரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதும் தவறு. ஜிடோவுடின் போன்ற எச்ஐவி மருந்துகள் சிவப்பணுக்களைப் பாதிப்பதால் உண்மையான சர்க்கரை அளவைவிடக் குறைவாக அது காட்டக்கூடும். வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

மற்ற மருந்துகள் விஷயத்தில் நடக்கும் தவறுகளுக்கு முக்கியக் காரணம் மறைப்பதுதான். பொது மருத்துவரிடம் எச்ஐவி பற்றிச் சொல்லத் தயங்குவதன் வலி புரிகிறது. ஆனால் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினோடு டோலுடெக்ராவிர் சேரும்போது ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு கூடிவிடும்; பொதுவாக மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ரிட்டோனாவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவர், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் மாத்திரை சாப்பிட்டால் தசை சிதையும் ஆபத்து உண்டு. அதே ரிட்டோனாவிரோடு ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த ஆஸ்துமா இன்ஹேலரோ மூக்கு ஸ்பிரேயோ சேர்ந்தால் ஸ்டீராய்டு உடலில் தேங்கி முகம் உப்பும், எடையும் சர்க்கரையும் ஏறும். இதைச் சாதாரண உடல் பருமன் என்று நினைத்து ஏமாந்துபோவார்கள். சத்து மாத்திரையும் மருந்துதான்: வெறும் வயிற்றில் கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரை எடுப்பதாக இருந்தால், டோலுடெக்ராவிரை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். உணவோடு என்றால் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம்.

புகைப்பழக்கம் இருந்தால், எச்ஐவி மாத்திரையை நிறுத்தாமல் எடுப்பதற்கு அடுத்தபடியாகப் புகையை விடுவதே அவசரம்.

குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் நேரத்தில் பழைய கோப்பு பெரும்பாலும் கூடவே வருவதில்லை. மாறுவதற்கு முன்பே மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்த மருந்து, ஏன் மாற்றினார்கள், கடைசியாக எடுத்த கொழுப்பு, சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனைகளின் அளவுகள், குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவோ மாரடைப்போ உண்டா. அந்தத் தாள் உங்களுடையது. யாரிடம் காட்டுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.