வில்லங்கச் சான்றில் உயிலைத் தேடாதீர்கள்

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு எதைப் பற்றிக் கேட்டாலும், "அதில் கேஸ் இருக்கிறது" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். யார் மேல் யார் போட்டது, எப்படி முடிந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. அதைக் காகிதத்தில் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல் பத்திரப்பதிவு அலுவலகத்தில். வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு, தாத்தா உயிலே எழுதவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். வில்லங்கச் சான்றில் வருவது சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தின் பதிவுகள். உயிலும், சுவீகாரம் (தத்து) எடுக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரமும் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். அதற்கு அட்டவணையும் தனி. எழுதியவர் காலமாகியிருந்தால் மற்றவர்களும் மனுப் போட்டு நகல் வாங்கலாம். அதிலும் இல்லையென்றால் உயிலே இல்லை என்று அர்த்தமில்லை. உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் கேட்டதில்லை. உயில் செல்லும் என்று கோர்ட்டில் வாங்கும் புரொபேட்டும் அந்தக் காலத்தில் மெட்ராஸ் நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும் அங்குள்ள சொத்துக்கும்தான் கட்டாயம். காரைக்குடியில் இருந்துகொண்டு காரைக்குடி வீட்டை எழுதி வைத்தவருக்கு அது தேவைப்படவில்லை.

அப்புறம், ஊர் எந்த எல்லையில் இருந்தது என்று பார்க்காமல் கோர்ட் ஏறுவது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் 1910 வரை மதுரை ஜில்லா, பிறகு ராமநாதபுரம், 1985இல் இருந்து சிவகங்கை. ராயவரம், அரிமளம், கடியாபட்டி எல்லாம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அங்கே கோர்ட்டே வேறு.

ஆள் குழப்பம்தான் இருப்பதிலேயே பெரிது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும். விலாசத்தை, அதாவது பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகளை, பிடித்துக்கொண்டுதான் ஆளைப் பிரிக்க முடியும். தமிழ் ஏட்டில் 'சித.' என்று இருப்பது ஆங்கிலப் பதிவில் 'சி.டி.' ஆகியிருக்கும், 'பழ.' என்பது 'பி.எல்.', 'அரு.' என்பது 'ஏ.ஆர்.'. பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது சுவீகாரம் எடுத்த, குடும்பமென்றால் இன்னும் சிக்கல். வந்த பிள்ளைக்கு விலாசமே மாறிவிடும், பெற்றவர் சொத்தில் உரிமையும் போய்விடும். அவரைப் பழைய விலாசத்தில் தேடினால் திடீரென்று காணாமல் போனவர் போலத் தெரியும். ரங்கூன், பினாங்கு வழக்குகளில் முதலாளியிடம் பவர் வாங்கி அங்கே கடையை நடத்திய மேலாள் (ஏஜெண்ட்) பெயரும் சேர்ந்து வரும். அவரைப் பங்காளி என்று வம்சாவளியில் ஏற்றிவிடாதீர்கள்.

தேதியில் ஒரு கண் வையுங்கள். 'யுவ ௵ தை ௴' (யுவ வருஷம் தை மாதம்) என்று உயிலில் இருந்தால் அது 1935 இல்லை, 1936 ஜனவரி அல்லது பிப்ரவரி. யுவ வருஷம் சித்திரையில் பிறந்து, தை வருவதற்குள் ஆங்கில வருஷம் மாறிவிடுகிறது. அறுபது வருஷம் முன்னால் தள்ளினால் 1876இலும் ஒரு யுவ வருஷத் தை உண்டு. எழுதியவர் தாத்தாவா, அவருடைய தாத்தாவா என்பது இதில் தலைகீழாகிவிடும்.

வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் பிராதைப் படித்துவிட்டுக் கொதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிராது என்பது வாதியின் வக்கீல் எழுதியது. "குடும்ப நகைகளை அபகரித்துக்கொண்டார்" என்று அதில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிரதிவாதியின் பதிலுரையையும் சாட்சிகளின் குறுக்கு விசாரணையையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும். என்னைக் கேட்டால், குறுக்கு விசாரணையை முதலில் படிப்பது நல்லது.

இன்றைய சட்டத்தை வைத்து அன்றைய உயிலை எடைபோடுவதும் உண்டு. 1956க்கு முன்னால் கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கைக்கூட ஒருவர் உயிலில் எழுத முடியாது; சுயார்ஜிதத்தை, அதாவது தானே சம்பாதித்ததைத்தான் எழுதலாம். அதனால்தான் பல வழக்குகளில் 'இந்தப் பணம் பூர்வீகமா, கொண்டுவிற்று (வெளியூர் போய்த் தொழில் செய்து) சம்பாதித்ததா' என்பதே முழுச் சண்டை. இலங்கை அரசுக்கும் ஒரு அருணாசலம் செட்டியார் குடும்பத்துக்கும் நடந்த எஸ்டேட் வரி (இறந்தவர் சொத்தின் மேல் போடும் வரி) வழக்கும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். அது லண்டனில் கடைசி மேல்முறையீட்டைக் கேட்ட பிரிவி கவுன்சில் வரை போய் 1957இல் முடிந்தது: கடைசி ஆண் ஒருவரே மிஞ்சினாலும், விதவைகள் சுவீகாரம் எடுக்க முடியும் என்பதால் அது கூட்டுக் குடும்பச் சொத்துதான் என்று தீர்ப்பு. பிரிவி கவுன்சில் போன வழக்கு உங்களுடையது என்றால் அதிர்ஷ்டம். மேல்முறையீட்டுக்கு அச்சடித்த கட்டில் உயில், கணக்கு, கடிதம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். கீழ்க்கோர்ட்டில் வைத்திருக்கும் கெடு முடிந்து அழித்த காகிதங்கள்கூட இப்படித் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

தீர்ப்பு இல்லையே என்று தேடலை நிறுத்திவிட வேண்டாம். பங்காளிச் சண்டைகளில் பல ராஜியில், அதாவது சமரசத்தில், முடிந்தவை. அங்கே நீண்ட தீர்ப்பு இருக்காது, ராஜி டிக்ரி மட்டும்தான். நகல் மனுப் போடும்போது டிக்ரியை (கோர்ட் உத்தரவை) ஷெட்யூலோடு, அதாவது சொத்து விவரப் பட்டியலோடு, கேளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பிரித்து, எந்த அறை யார் பங்கு என்பது அதில் எழுதியிருக்கும்.