ஒரே வகுப்பறை, பல படிநிலைகள்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவரவர் எட்டியிருந்த நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கத் தொடங்கினார்கள். தேவையான ஏற்பாடுதான். ஆனால் "அவன் அரும்பு, அவளுக்கு இது வராது" என்று அந்தப் பெயரைப் பிள்ளையின் மேல் ஒட்டிவிடுவது பெரிய தவறு. தமிழ் வாசிப்பில் அரும்பில் இருப்பவன் கணக்கில் மலரில் இருக்கலாம். ஜூனில் பிரித்த குழுக்கள் பிப்ரவரியிலும் அப்படியே இருந்தால், நாம் மறுபடி சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

விடை தவறு என்றதும் பெருக்கல் குறி போட்டு நகர்ந்துவிடுவது அடுத்தது. 52-இலிருந்து 37-ஐக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு மாணவன் 25 என்கிறான்; ஒரு மாணவி 16 என்கிறாள். இருவருக்கும் மதிப்பெண் பூச்சியம். ஆனால் இருவரின் தேவை ஒன்றல்ல. அவன் ஒன்றாம் இடத்தில் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறான். பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்தால் போதும் என்று நினைக்கிறான். கடன் வாங்குவது என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னால்தான் அவனுக்கு விளங்கும். அவளோ சரியாகக் கடன் வாங்கி, 12-இலிருந்து 7 போனால் 6 என்று எண்ணிவிட்டாள். அவளுக்குத் தேவை கொஞ்சம் பயிற்சி, அவ்வளவே. இருவரையும் ஒரே சிறப்பு வகுப்பில் உட்காரவைத்துப் பாடத்தை முதலிலிருந்து நடத்தினால் இருவருக்கும் பயனில்லை.

இதோடு சேர்ந்தது வாழ்க்கைக் கணக்கு. வாக்கியத்தை வாசிக்கத் தெரியாததால் விடை எழுதாதவனைக் கணக்கில் பின்தங்கியவன் என்று குறித்துவிடுகிறோம். கேள்வியை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். விடை வந்துவிட்டால் அவனுக்கு வேண்டியது வாசிப்புப் பயிற்சி.

'மெல்லக் கற்போர்' என்று பட்டியலிட்டு, அவர்களுக்குப் பார்த்து எழுதும் வேலை மட்டும் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. பார்த்து எழுதுவதால் கை பழகும். யோசிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு எப்போது கிடைக்கும்?

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் நினைப்பதும் பரவலாக நடக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஓர் ஆளும் கூடுதல் நேரமும் பெறும் மாணவருக்கு, ஆறாம் வகுப்பிலேயே வாய்மொழியாக விடை சொல்ல ஏன் இடம் தரக் கூடாது? பாடக்குறிப்பு எழுதும்போதே இதற்கு ஒரு வரி ஒதுக்கலாம். கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதை நிறுத்துவதற்குச் செலவே இல்லை. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அதுதான் பாடமே.

முதலில் முடித்துவிடும் பிள்ளைகளையும் நாம் மறக்கிறோம். அதே மாதிரியான பத்துக் கணக்குகளை மேலும் கொடுப்பது அவர்களுக்குத் தண்டனை. விடை 24 வரும்படி, கடைக்குப் போய் வந்த கதையாக ஒரு கணக்கை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அதைப் பக்கத்துக் குழு போட்டுப் பார்க்கட்டும்.