பழைய பீமுக்கு அடியில் பிளேட் சேர்ப்பது எப்படி

"மாடியில இன்னொரு மெஷின் வைக்கப் போறோம், பீமுக்கு அடியில ஒரு பிளேட் அடிச்சுக் கொடுங்க." திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்திருக்கும் என்னிடம் ரைஸ் மில்காரர்கள் வாடிக்கையாகக் கேட்பது இது. அங்கங்கே நாலு டேக் (பொட்டு வெல்டு) வைத்துவிட்டுக் காசு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ்.எம்.பி. 300 என்ற, 300 மி.மீ. உயரமுள்ள 'I' வடிவ இரும்பு பீமின் இனர்ஷியா, அதாவது வளையாமல் எதிர்க்கும் திறனின் அளவு, சுமார் 8,600 செ.மீ.⁴. அதன் அடியில் 180 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனத்தில் பிளேட்டைச் சரியாக வெல்டு பிடிக்காமல் சும்மா வைத்தால் கூடுவது 3 செ.மீ.⁴ கூட இல்லை. பீம் தனியாக வளையும், பிளேட் தனியாக வளையும், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். வழுக்கவிடாமல் வெல்டு பிடித்துக்கொண்டால் அதே பிளேட்டோடு சுமார் 12,400 வரும். மீட்டருக்கு 17 கிலோ இரும்பில் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் குறைகிறது.

ஆனால் ஒன்று. அடியில் மட்டும் பிளேட் வைத்தால் மேல் பிளான்ஞ்சில் (பீமின் மேல் பட்டையில்) வரும் அழுத்தம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் குறையும். தொய்வுதான் பிரச்சினை என்றால் சரி. பாரமே இரண்டு மடங்காகப் போகிறது என்றால் மேலேயும் பிளேட் வேண்டும், இல்லையேல் நடுவில் தூண். அதை இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

முதல் வேலை ஜாக்கி. பாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே வெல்டு செய்தால், ஏற்கெனவே இருக்கும் பாரத்தைப் பழைய பீமே சுமக்கும். பிளேட் இனிமேல் வருவதில்தான் பங்கெடுக்கும். மேலே இருப்பதை இறக்கிவிட்டு, நடுவில் முட்டுக் கொடுத்து, தொய்வு போகும்வரை மெதுவாகத் தூக்குங்கள். வெல்டிங் சூட்டில் பீம் பலமிழக்கும் என்பதாலும் முட்டு அவசியம்.

பிளான்ஞ்ச் 140 மி.மீ. அகலம். பிளேட்டை 180 எடுக்கச் சொல்வது, இரண்டு பக்கமும் 20 மி.மீ. வெளியே நீண்டிருந்தால் வெல்டர் மேலிருந்து வெல்டிங் ராடைப் பிடிக்கலாம் என்பதற்காக. பிளான்ஞ்சைவிடக் குறுகலாக இருந்தால் அண்ணாந்து பார்த்து ஓவர்ஹெட் அடிக்க வேண்டும். நல்ல கைகாரருக்கே அதில் பாதி கீழே சொட்டும்.

ஒட்டும் முகங்களில் பெயின்ட், துரு, மில் ஸ்கேல் (புது இரும்பின் மேல் இருக்கும் கருப்புப் படலம்) எல்லாவற்றையும் கிரைண்டர் போட்டு எடுங்கள். அப்புறம் சி-கிளாம்ப். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு முனைக்கும் இறுக்கிக்கொண்டே போக வேண்டும். முனைகளை முதலில் இறுக்கினால் நடுவில் பிளேட் உப்பிக்கொள்ளும், அந்த இடைவெளியை வெல்டு போட்டு மூட முடியாது.

வெல்டிங் ராடு 7018 ரகம், ஓவனில் காயவைத்தது. நமத்த ராடு வேண்டவே வேண்டாம். 6 மி.மீ. ஃபில்லட் (மூலையில் முக்கோணமாக விழும் வெல்டு), 75 மி.மீ. நீளத்துக்கு வெல்டு, அடுத்து 150 மி.மீ. இடைவெளி. 12 மி.மீ. பிளேட் இழுவிசையில் இருக்கும்போது இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 800 இடைவெளியை 16 மடங்கு கனத்துக்குள், அதாவது 192 மி.மீ.க்குள் வைக்கச் சொல்கிறது. இதையும் நடுவிலிருந்து வெளியே, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரே பக்கமாக ஓட்டினால் பீம் பக்கவாட்டில் வளைந்துவிடும்.

முனைகளில் கஞ்சத்தனம் கூடாது. வழுக்கும் விசை அதிகமாக இருப்பது தாங்கிகளுக்குப் பக்கத்தில்தான். பிளேட் முடியும் இடத்தில் குறைந்தது அதன் அகலம் அளவுக்கு, 180 மி.மீ.க்கு, இரண்டு பக்கமும் விடாமல் ஓட்டுங்கள். பீமின் நடுப்பகுதியில் பளபளவென்று அடித்துவிட்டு முனையில் டேக் மட்டும் வைத்த வேலையை நிறையப் பார்த்திருக்கிறேன். நேர் எதிர்!

வெயில் மழை படும் இடமென்றால் விட்டுவிட்டு அடிக்கும் வெல்டே வேண்டாம், சுற்றிலும் முழுக்க மூடுங்கள். இடுக்கில் தண்ணீர் போனால் துரு பருத்துப் பிளேட்டையே பிரித்துத் தள்ளும். ஷெட்டிலேயே புதிதாகச் செய்து கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) பண்ணப் போகும் பீம் என்றால் முழுக்க மூடாமல் காற்றுப் போக ஓட்டை விடச் சொல்லுங்கள். 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கும்.