ஃபோர்டு 8என் டிராக்டருக்கு வி-8 என்ஜின்: எது முறியும் என்று அறிந்து மாற்றும் முறை

அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் டிராக்டரின் நான்கு சிலிண்டர் என்ஜின் ஏறத்தாழ 27 குதிரைத்திறன் தந்தது. சிறு விமானங்களைக் கட்டிவந்த ஃபங்க் சகோதரர்கள், கான்சாஸ் மாநிலத்தின் காஃபிவில் நகரிலிருந்து, 100 குதிரைத்திறன் அளவுள்ள ஃபோர்டு வி-8 (எட்டு சிலிண்டர்) கார் என்ஜினை இதில் பொருத்துவதற்கான பாகங்களைச் செய்து விற்றார்கள். திறன் ஏறினாலும் கியர் பாக்ஸ், கிரவுன் வீல் (பின் ஆக்சிலைச் சுழற்றும் பெரிய பற்சக்கரம்), ஆக்சில் ஆகியவை பழையவையே என்பதால், வேலையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

படி 1: எண்ணெயைப் பாருங்கள்

கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் ஆகிய மூன்றுக்கும் இந்த வண்டியில் ஒரே எண்ணெய்தான். சுமார் 19 லிட்டர் பிடிக்கும். அடியிலுள்ள மூன்று வடிகால் போல்ட்டுகளையும் கழற்றி வடியுங்கள். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வடித்த எண்ணெயில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். வெட்டிய நகத்துண்டுபோல் சில்லுகள் ஒட்டினால் எங்கோ பல் உடைந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். பிறகு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஆக்சில் பேரிங்கை மாற்ற வேண்டும்.

படி 2: என்ஜினைப் பொருத்துதல்

8என்னுக்குச் சேஸிஸ் கிடையாது. முன் ஆக்சிலையும் கியர் பாக்ஸையும் இணைத்துத் தாங்குவது என்ஜினும் அதன் வார்ப்பிரும்பு ஆயில் சம்ப்பும் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி)தான். கார் என்ஜினின் தகட்டுச் சம்ப் அந்தச் சுமையைத் தாங்காது என்பதால், வார்ப்பிரும்புச் சம்ப் அல்லது இருபுறமும் உறுதியான இரும்புச் சட்டம் அவசியம்.

புது என்ஜினையும் பழைய கியர் பாக்ஸையும் இணைக்கும் பாகமான அடாப்டரின் மையம் விலகாமல் இருப்பதே இந்த வேலையில் மிக நுணுக்கமான பகுதி. டயல் கேஜை (சிறு விலகலை முள்ளால் காட்டும் அளவுகோல்) என்ஜினின் பின்முனையிலுள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் பொருத்தி, அதன் முனை அடாப்டர் துளையின் உட்சுவரைத் தொடும்படி வைத்து, ஃப்ளைவீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் 0.15 மில்லிமீட்டருக்கு மேல் அலைந்தால் மீண்டும் சரிசெய்யுங்கள். இதை விட்டுவிட்டால் கிளட்ச் தட்டின் நடுப்பல்லும் கியர் பாக்ஸின் முன் பேரிங்கும் விரைவில் தேய்ந்துவிடும்.

படி 3: கிளட்ச்

பந்தய வண்டிக்குரிய கிளட்சைப் போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அளவு மீறிய சுமை வரும்போது கிளட்ச் சற்று வழுக்கினால் கியர் பற்கள் தப்பும்.

படி 4: கவர்னர்

கார் என்ஜினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இருக்காது. தனியாகப் பொருத்த வேண்டும். 8என்னில் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்று சுற்றும்போது, பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு 540 சுற்று சுற்றும். வி-8 என்ஜினை 3600 வரை ஓடவிட்டால் தண்டு 972-ஐத் தொடும், அதில் பூட்டிய கருவி சிதறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 5: எடையும் கியரும்

ஆக்சிலுக்கு வரும் முறுக்குவிசையின் உச்சத்தை, தாழ்ந்த கியரில், என்ஜினை விட டயரின் பிடிப்பே தீர்மானிக்கிறது. பிடிப்பு விட்டதும் சக்கரம் வழுக்கிச் சுமை இறங்கிவிடும். பின்சக்கரங்களின் மேல் 700 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், டயரில் தண்ணீர் நிரப்பி 300 கிலோ கூட்டும்போது அந்த உச்சம் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஏறும். ஆகவே கூடுதல் எடையைத் தவிர்த்து, அதே சுமையை ஒரு கியர் உயர்த்தி வேகமாக இழுங்கள்.

முதல் சில மணி நேர உழவுக்குப் பின் அடாப்டர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) மீண்டும் இறுக்கி, எண்ணெயையும் ஒருமுறை வடித்துக் காந்தத்தால் சோதியுங்கள்.